லத்திக்காரன் சொல்றேன், துப்பாக்கிக்காரா!

இன்னா தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டோர் வாசப்படியில உக்காந்துகினு பார்கோடு துப்பாக்கிய மடியில போட்டுத் தாலாட்டுற? சுடலியா? பட்டனை அமுக்குன, செவப்பு வெளிச்சம் வந்துது, பீப்புன்னு கத்துச்சு, கம்ப்யூட்டர்ல மட்டும் ஒண்ணும் ஏறல. அதானே? அப்பால நீ இன்னா பண்ணியிருப்பேன்னும் எனக்குத் தெரியும். டப்பாவுல கெடந்த புஸ்தகத்தைப் பிரிச்சு, கண்ணுல பட்ட கோட்டையெல்லாம் காட்டியிருப்ப. திருவிழாவுல எல்லாக் கடையிலயும் ஒரு வாய் தின்னுட்டு, ராத்திரி வயித்தைப் புடிச்சுகினு உருளுற பையன் கணக்கா இப்ப அது உருளுது.

கேட்டு வாட்ச்மேனுக்கு இன்னா தெரியும்னு பாக்கறியா? பதினோரு வருஷமா இந்தக் கேட்டுல உக்காந்திருக்கேன். உனக்கு முன்னாடி எத்தினி டிப்ளமா, எத்தினி பி.இ. இதே படியில உக்காந்து மூக்கைச் சிந்தியிருக்குது தெரியுமா? ஒவ்வொரு வாட்டியும் ஐ.டி. ஆளு வந்து சரிபண்ணுவான், நான் டார்ச் புடிப்பேன். டார்ச் புடிக்கிறவனுக்குத்தான் தொழில் நல்லாத் தெரியும். சரிபண்றவனுக்குத் தன் கைதான் தெரியும். எனக்கு எல்லார் கையும் தெரியும்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. நீ காட்டின கோட்டுல ‘ஸ்டோரேஜ்’, ‘இன்வென்டரி’, ‘பேட்ச்’ அப்படின்னு எதனா எழுதியிருந்துச்சா? முழிக்காத. ஒயர் இல்லாத பல கன்னுல இந்த வித்தை இருக்குது. கம்ப்யூட்டர் இல்லாத எடத்துல போய் சுட்டுகினு வர்றதுக்காக, படிச்ச நம்பரையெல்லாம் தன் வயித்துலயே வெச்சுக்கும். அப்பால இன்னொரு கோடு காட்டினாத்தான் மொத்தத்தையும் கக்கும். தெரியாம அந்தக் கோட்டைக் காட்டிட்டேன்னு வெச்சுக்க, நீ சுடுறப்பல்லாம் ‘சரிங்க சாமி’ன்னு பீப்பு மட்டும் வரும். நம்ம ஊர்ல சில பேரு இல்ல? எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், வேலை மட்டும் நடக்காது.

பேரு வேணாம், ஒரு ஸ்டோர்ல இதே கூத்து நடந்துது. பையன் 240 பெட்டி சுட்டான். கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காணோம். பழுதுன்னு சொல்லி வேற கன்னு வாங்கி, மறுபடியும் 240 சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். காலைல வந்தவன் பழைய கன்னைக் கையில எடுத்தான், புஸ்தகத்தைப் பிரிச்சான், ‘அப்லோடு’ன்னு ஒரு கோடு, இன்னாதான் வருதுன்னு பாக்கலாமேன்னு காட்டினான். பொளபொளன்னு 240 நம்பரும் கொட்டிச்சு. ரேக்குல இருக்கறது 240, கம்ப்யூட்டர்ல 480. இல்லாத பெட்டிய ஆடிட்டர் மூணு நாள் தேடினாரு. என்னைக்கூட, “கேட்டு வழியா எதனா போச்சா பெரியவரே”ன்னு கேட்டாரு பாரு, அங்கதான் எனக்குக் கோவம் வந்துது. பொறக்காத புள்ளைய நான் எங்கய்யா தூக்கிகினு போவேன்?

அதனால ரீசெட்டுக் கோட்டைத் தேடறதுக்கு முன்னாடி வயித்துல எதனா இருக்குதான்னு பாத்துடு. ரீசெட்டு போட்டா சில மாடல்ல அதுவும் சேந்து போயிடும்.

புஸ்தகத்தைக் குடு இப்படி. தோ பாரு, ஒரு பக்கத்துக்கு எட்டுக் கோடு நெருக்கமா அடிச்சிருக்கான். உன் போனுக்கு ஸ்க்ரீன் இருக்கு, தடவினா கேக்கும். இதுக்கு மூஞ்சியே கெடையாது. ஒரு கண்ணு, ஒரு பட்டன், அவ்ளோதான். சரக்கு இன்னான்னு அதுக்குச் சொல்றதும் கோட்டால, நீ இப்படி நடந்துக்கன்னு உத்தரவு போடறதும் கோட்டால. நான் ஏர் ஓட்டின காலத்துல பக்கத்து வயல்காரன் “ஹோவ்”னு அவன் மாட்டை நிறுத்தினா, என் மாடும் நின்னுடும். யாரு சொன்னாங்கன்னு மாடு பாக்காது. சத்தம் கேட்டுதா, நின்னுது. இதுவும் அந்த மாடுதான். நீ மூணாவது கோட்டைக் காட்டறேன்னு நெனைப்ப, அது நாலாவதைக் கவ்விக்கும். அதனால வேணுங்கற கோட்டை மட்டும் விட்டுட்டு மேல ஒரு காகிதம், கீழ ஒரு காகிதம் வெச்சு மூடு. காகிதம் இல்லன்னா உள்ளங்கை. அதுக்குத்தான் ஆண்டவன் அகலமா குடுத்திருக்கான், போன் புடிக்கிறதுக்கு இல்ல.

இந்தக் கோடு எங்க பொறந்துது தெரியுமா? மணல்ல. எங்க அப்பன் காலத்துல மணலைப் பரப்பி, விரலைப் புடிச்சு ‘அ’ எழுத வெப்பாங்க. அதே மாதிரி அமெரிக்காவுல உட்லேண்டுன்னு ஒருத்தரு மயாமி கடற்கரையில உக்காந்துகினு, சின்ன வயசுல சாரணர் படையில கத்துகின தந்திக் குறிய மணல்ல புள்ளியும் கீத்துமா குத்தினாரு. குத்தின விரலை அப்படியே கீழ இழுத்தாரு. புள்ளி இழுத்தா மெல்லிசு கோடு, கீத்து இழுத்தா தடிச்ச கோடு. அவரும் அவர் சிநேகிதர் சில்வரும் 1949ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டாங்க, 1952ல கெடைச்சுது. ஆனா அதைப் படிக்கத் தோதா ஒரு வெளிச்சம் அப்ப இல்ல. 500 வாட் பல்பைப் போட்டுப் பாத்தாங்களாம். அப்பால லேசர் வந்து, கம்ப்யூட்டர் வெல எறங்கி, 1974 ஜூன் 26ஆம் தேதிதான் ஓஹையோவுல டிராய்ங்கற ஊருக் கடையில மொத மொத சரக்கைச் சுட்டாங்க. இன்னா சரக்கு? சூயிங்கம் பாக்கெட்டு, 67 சென்ட்டு. காப்புரிமை கெடைச்ச அப்பால இருவத்திரெண்டு வருஷம் அந்தக் கோடு காத்துகினு இருந்துது தம்பி. உனக்கு இருவது நிமிஷம் புஸ்தகம் படிக்கப் பொறுமை இல்ல.

இதையெல்லாம் ட்ரெய்னிங் குடுக்க வந்த இன்ஜினியர் ஒருத்தரு டீ குடிச்சுகினே சொன்னாரு. டீக்காசு நான் குடுத்தேன், அதான் மறக்கல. கட்டம் கட்டமா கோலம் போட்ட மாதிரி இருக்குதே க்யூ.ஆர்., அதுவும் நம்ம தொழில்ல பொறந்ததுதான். 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனி இன்ஜினியர் ஹாரான்னு ஒருத்தரு, கார் பார்ட்ஸைக் கணக்கு வெக்கறதுக்காகக் கண்டுபுடிச்சாரு. இன்னிக்கு அது கீரைக்காரம்மா கூடையில தொங்குது. நம்ம ஒரகடத்துல கார் பார்ட்ஸ் பெட்டி மேல ஒட்டினா, பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி, அம்புட்டு உரிமை அதுக்கு.

பெட்டி மேல சரக்கு பேரு எழுதினா ஆவாதா, நம்பர் எதுக்குன்னு கேப்ப. ஒரகடம்னா ஒரே ஊருன்னு நெனைச்சியா? அம்பத்தூர் பக்கமும் ஒரு ஒரகடம் இருக்குது. 2010ல இங்க ரெனோ-நிசான் காரு ஓட ஆரம்பிச்சு, 2012ல பாரத்பென்ஸ் லாரி, 2013ல என்ஃபீல்டு புல்லட்டுன்னு வந்தப்புறம் நம்ம ஒரகடத்தைத் தெரியாதவன் இல்ல. அதுக்கு முன்னாடி ஒரகடம்னு சொன்னா பஸ்காரன் “எந்த ஒரகடம்?”னுதான் கேப்பான். ஊருக்கே ஒரே பேரு ரெண்டு இருக்கறப்ப, நட்டுக்கும் போல்ட்டுக்கும் எத்தினி இருக்கும்? நம்பர்தான் சரி.

சரி, இப்ப ரீசெட்டுக்கு வா. அதை ஏதோ டாக்டர் ஊசி மாதிரி பேசறீங்க எல்லாரும். ரீசெட்டுன்னா அதுக்கு எல்லாம் மறந்துபோவும், அவ்ளோதான். நீ கத்துக்குடுத்த கெட்ட பழக்கமும் போவும், உனக்கு முன்னாடி நல்லவன் எவனோ உக்காந்து கத்துக்குடுத்தானே, அதுவும் போவும். பெட்டியிலேருந்து எடுத்தப்ப எப்படி இருந்துதோ அப்படி வந்து நிக்கும். அப்பால நீ சுடுவ. நம்பர் கட்டத்துல வந்து விழும், ஆனா அடுத்த கட்டத்துக்குப் போவாது. அடுத்த பெட்டி நம்பரும் அதே கட்டத்துல ஒட்டிகினு நீளமா ரயிலு மாதிரி போவும். “தாத்தா, கன்னு கெட்டுடுச்சு”ன்னு ஓடியாருவ. கெடல. நம்பருக்குப் பின்னாடி என்டர் தட்டுன்னு அதுக்கு யாரும் சொல்லல. சில மாடல் தானே தட்டும், சில மாடலுக்குச் சொல்லணும். புஸ்தகத்துல என்டருக்குன்னு தனிக் கோடு இருக்கும், அதைக் காட்டு. சாப்ட்வேர் டேப் கேட்டா டேப்.

இன்னொண்ணு கேளு. இது கம்ப்யூட்டர்கிட்ட தன்னை யாருன்னு சொல்லிக்குது தெரியுமா? கீபோர்டுன்னு. உன்னை மாதிரி ஒருத்தன் உக்காந்து வேகமாத் தட்டறான்னுதான் கம்ப்யூட்டர் நம்பிகினு இருக்கு. அதனாலதான் கர்சர் எங்க நிக்குதோ அங்க கொட்டும். நீ வாட்சப் வெப்பைத் திறந்து வெச்சிருந்தா, உன் மாமன் மகளுக்குப் பார்ட் நம்பர் போவும். போன வாரம் ஒருத்தனுக்குப் போச்சு. “இது இன்னா கோட்-வேர்டு?”னு அந்தப் பொண்ணு கேட்டுச்சாம்.

கீபோர்டுன்னா பாஷை வேணுமே. புஸ்தகத்துல நாட்டு நாட்டுக்கு ஒரு கோடு போட்டிருப்பான். நீ கை நழுவி பிரான்ஸைக் காட்டிட்டா, ‘ஏ’ வர வேண்டிய எடத்துல ‘க்யூ’ வரும், நம்பர் வர வேண்டிய எடத்துல ஆச்சரியக்குறியும் டாலர் குறியும் மொளைக்கும். ஏன்னா அந்த ஊரு கீபோர்டுல எழுத்து இடம் மாறியிருக்கும், நம்பருக்கு ஷிப்ட் அமுக்கணும். லேபிள் பிரிண்டர் போச்சு, கம்ப்யூட்டர்ல வைரஸுன்னு கூட்டம் போடாத. அமெரிக்கக் கீபோர்டு கோட்டைக் காட்டு, திருந்திடும்.

ரீசெட்டுக்கு அப்பால ஜோடி சேக்கறது. சில கன்னு தன் ஸ்டாண்டுல உக்காந்தாலே சேந்துக்கும். சிலதுக்கு ஸ்டாண்டு மேலயே ஒரு கோடு ஒட்டியிருக்கும், அதைச் சுடணும். இந்த உக்காந்தா சேர்ற சாதி இருக்குதே, அது கொஞ்சம் வெவகாரம். சார்ஜ் கம்மின்னு உன் கன்னைப் பக்கத்து மேஜை ஸ்டாண்டுல சொருகிட்டு டீக்குப் போவ. அது அங்கயே சம்மந்தம் பண்ணிகினு வந்துடும். நீ உன் மேஜையில நின்னு சுடுவ, நம்பர் அந்த மேஜை கம்ப்யூட்டர்ல விழும். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் மொறைச்சுக்குவீங்க. கன்னுக்கும் ஸ்டாண்டுக்கும் ஒரே கலர் டேப்பு சுத்து. கல்யாணத்துல கங்கணம் கட்டற மாதிரி. இரும்பு ரேக்குக்கு உள்ள நொழைஞ்சு நின்னு “சிக்னல் போவல”ன்னு கத்தாத, அங்க என் ரேடியோவே பாடாது.

எல்லாத்துக்கும் கன்னையே குத்தம் சொல்லாத, லேபிளையும் பாரு. படப்பைக்கு அந்தாண்ட மணிமங்கலம் இருக்குதே, அங்க பல்லவ ராஜா நரசிம்மவர்மன் புலிகேசிய முறியடிச்சானாம். தோத்து ஓடுனவன் முதுகையே பட்டயமா வெச்சு, ‘விஜய’ன்னு எழுதினான்னு கூரம் செப்பேடு பெருமையாச் சொல்லுது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஏரியாவுல லேபிள் ஒட்டியிருக்கான் பாரு! ஆனா ஓடுறவன் முதுகை எவன் படிக்கிறது? நீயும் அதைத்தான் செய்யற. பெட்டி மடிப்புல பாதி, பக்கவாட்டுல பாதி ஒட்டி, அது மேல பளபளன்னு பிளாஸ்டிக்கைச் சுத்தி, அப்பால நேரா நின்னு சுட்டா, வெளிச்சம் கண்ணாடியில பட்ட மாதிரி திரும்பி வரும். கறுப்பு வெளிச்சத்தை முழுங்கணும், வெள்ளை திருப்பி அனுப்பணும். அந்த வித்தியாசம்தான் அதுக்கு எழுத்து. கன்னைக் கொஞ்சம் சாச்சுப் புடி. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற வெத்து வெள்ளை மேல பேனாவால கிறுக்காத. அது சும்மா இருக்கற எடம் இல்ல, ஆரம்பம் எங்க, முடிவு எங்கன்னு அதுக்குக் காட்டற வரப்பு.

புஸ்தகத்துல பாதிப் பக்கம் காணோமா? ஐ.டி. ஆளு வாட்சப்புல போட்டோ அனுப்பறேன்னானா? இது லேசர் கன்னு, போன் ஸ்க்ரீன்ல இருக்கற கோட்டை ஏறெடுத்தும் பாக்காது. ஜெராக்ஸ்? சின்னதாக்கி, மங்கலா எடுத்தா அதுவும் போச்சு.

இரு, இரு, அழுதுடாத. இந்த கேட்டு ரிஜிஸ்டருக்கு அட்டை போட்டிருக்கேனே, இன்னா காகிதம்னு எப்பனா பாத்தியா? கன்னு புதுசா வந்த அன்னிக்கு டப்பாவோட குப்பைக்குப் போச்சு, நான்தான் எடுத்து வெச்சேன். நம்ம கம்பெனிக்கு வேண்டிய நாலு கோட்டையும் ஐ.டி. ஆளு அன்னிக்கே பேனாவுல சுழிச்சு நம்பர் போட்டுட்டுப் போனான். 1 ரீசெட்டு, 2 ஜோடி, 3 அமெரிக்கக் கீபோர்டு, 4 என்டர். வரிசையை மாத்தாத. ஒண்ணு காட்டறப்ப மத்ததை மூடிக்க. தர்றேன், ஆனா ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடு, டைம் போடு. போன தடவை ஒருத்தன் வாங்கிகினு போய் ரெண்டு நாள் கழிச்சுக் குடுத்தான், என் ரிஜிஸ்டர் அம்மணமா நின்னுது.

எல்லாம் முடிச்சுட்டு நேரா நம்ம சாப்ட்வேர்ல போய் சுடாத. நோட்பேடைத் திறந்து வெச்சுச் சுடு. கேன்டீன்ல போய் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டு வாங்கிகினு வா. சிரிக்காத, டெஸ்ட்டுக்குத்தான். அது மேல கோட்டுக்குக் கீழயே பதிமூணு நம்பர் அச்சடிச்சிருப்பான், 890ன்னு ஆரம்பிக்கும், இந்தியாவுல வாங்கின நம்பருன்னு அர்த்தம். பாக்கெட்டுல இருக்கறதும் நோட்பேடுல விழுறதும் ஒண்ணுக்கொண்ணு சரியா, கர்சர் அடுத்த வரிக்கு எறங்குதா, பாத்துக்க. மூணு வாட்டி சுடு, மூணு வரி வரணும்.

கிரீம் பிஸ்கெட்டா வாங்கு. கோடு எல்லாத்துலயும் இருக்கும், ஆனா கிரீம் பிஸ்கெட்டு வாங்கு. பிரிக்கறப்ப கோடு இருக்கற பக்கமாக் கிழிச்சுடாத, நாளைக்கும் டெஸ்ட்டுக்கு ஆவும். காகிதத்தை நீ வெச்சுக்க. உள்ள இருக்கறது டெஸ்ட்டுக்குத் தேவைப்படாது, அதை இங்க குடு.