ஏஜென்ட் பெருமான் திருப்புகழ்

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் என்னும் முப்பதிகளிலும் வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் குலங்களைக் காக்க அவதரித்த வெளிநாட்டு வேலை ஏஜென்ட் பெருமானே! உம் புகழை எழுத மீஞ்சூர் வரை தாள் விரித்தாலும் இடம் போதாது.

அரபு இலக்கணம் கற்க அறிஞர்கள் ஆயுளைச் செலவிட்டார்கள். எண்ணூர்ப் பையனோ உம் அலுவலகத்தில் நின்ற இரண்டே நிமிடத்தில் அந்த மொழியில் ஒப்பந்தம் முடித்துவிடுகிறான். "இங்க போடு தம்பி, இங்க, அப்புறம் கடைசிப் பக்கம்." பாடம் முடிந்தது! படித்துக் காட்டச் சொல்லும் அதிகப்பிரசங்கியையும் "ஃபிளைட்டு நாளைக்கு, இஷ்டம் இல்லன்னா வுடு, பின்னால ஆள் நிக்குது" என்று தேனொழுகத் தேற்றும் கருணை யாருக்கு வாய்க்கும்?

பத்திரத்தின் ஒரு பாதி ஆங்கிலம். அதில் அவன் வெல்டர். ஓவர்டைம் உண்டு, ரூம் உண்டு, சாப்பாடு உண்டு. மறுபாதியில் அவன் வெறும் 'ஆமில்', அதாவது கூலியாள். இரண்டும் முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும் என்கிறது சவூதி தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. சித்தர்கள் தவமிருந்து அடைந்த கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையை ஒரே காகிதத்தில் நடத்திக் காட்டுகிறீரே! ஒற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தார் உலகைத் துறக்க எத்தனை பாடுபட்டார்! அவ்வூர்ப் பிள்ளைகளுக்கோ வீட்டுப் பத்திரத்தையும் பெண்டாட்டி செயினையும் ஒரே வாரத்தில் துறக்கும் பக்குவத்தை அருளுகிறீர். மீட்டர் வட்டிக்காரர்கள் உம்மை நாள்தோறும் வாழ்த்துகிறார்கள்.

நீர் நடத்தும் அரபு வகுப்பின் மாண்புதான் என்னே! கற்பிப்பது தூய நூல்வழக்கு. 'இப்போது' என்றால் 'அல்ஆன்'. சைட்டில் வளைகுடாக்காரர் 'அல்ஹீன்' என்பார், எகிப்து ஃபோர்மன் 'தில்வஅத்தி' என்பார், சிரியாக்காரர் 'ஹல்லா' என்பார். மூவருக்கும் நடுவில் நின்று விழிக்கும் பையனுக்கு எந்தக் கிளைமொழியிலும் தடையின்றி விளங்கும் வாக்கியம் ஒன்றுண்டு: 'மாஃபி ஃபுலூஸ்', பணம் இல்லை. அதை உம் வகுப்பில் சேர்க்காதது பெருந்தன்மை. சம்பள நாளன்று கம்பெனியே இலவசமாகக் கற்பித்துவிடுகிறது.

உம் சேவைக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு என்று குடிபெயர்வு விதிகள் கஞ்சத்தனமாக எழுதி வைத்திருக்கின்றன. அதற்கு மேல் கொட்டிக் கொடுத்த லட்சங்களுக்கு ரசீது கேட்டு உம்மைப் புண்படுத்தும் நன்றி கெட்ட வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை.