அரியலூர் என்று ஓர் இனிஷியல்

தேர்தலில் நிற்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேட்புமனுவோடு சரி. அதற்குப் பிறகு அவர் பெயர் என்ன என்பதை எதிர்க்கட்சி மைக் செட் முடிவு செய்யும். செங்கல்பட்டுக்குத் தெற்கே எங்கள் படாளம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஓ.வி. அழகேசன் ஒருவர் போதும்.

மனிதர் செங்கல்பட்டை அடுத்த ஒழலூர்க்காரர். அந்த ஊர்தான் இனிஷியலில் முதல் எழுத்தாக உட்கார்ந்திருந்தது. 1952-இல் முதல் பொதுத்தேர்தலிலேயே செங்கல்பட்டு எம்.பி.; பிறகு நேரு மந்திரிசபையில் ரயில்வே துணை அமைச்சர். பெயரில் அழகும் உண்டு, ஈசனும் உண்டு. ஒரு வேட்பாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வந்தது 1956 நவம்பர் 23. சென்னையில் கிளம்பி, எங்கள் படாளம் ஸ்டேஷன் வழியாகத் தெற்கே போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மழை வெள்ளத்தில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். நாடு அவரை இன்றுவரை மெச்சுகிறது. துணை அமைச்சருக்கோ தி.மு.க. புதுப் பெயர் சூட்டியது: அரியலூர் அழகேசர். ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா என்று தேர்தல் மேடைகளில் கேட்டார்கள்.

ஆற்று வெள்ளத்துக்கும் துணை அமைச்சருக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்பது? எதுகையும் மோனையும் கூடி வந்துவிட்டால் தமிழ்நாட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதே ரயில் விழுப்புரத்தில் கவிழ்ந்திருந்தால் கோஷம் இவ்வளவு ஒட்டியிருக்காது, மனிதர் தப்பித்திருக்கவும் கூடும் என்பது என் கட்சி.

1957-இல் அவர் தோற்றார். ஜெயித்தவர் ஆற்காடு ராமசாமி முதலியாரின் மகன் கிருஷ்ணசாமி. அவர் பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர்தான். ஆனால் ஆற்காட்டில் யாரும் ரயிலைக் கவிழ்க்கவில்லை. 1962-இல் செங்கல்பட்டு மறுபடி அழகேசனையே டில்லிக்கு அனுப்பியது. 1971-இல் திருத்தணி, 1977-இல் அரக்கோணம் என்று பிற்பாடும் ஜெயித்தார். என்ன பயன்? பழைய ஆட்களிடம் அவர் பெயரைச் சொன்னால், ஒழலூர் நினைவுக்கு வருவதற்குள் அரியலூர் வந்து நிற்கிறது.

1967-இல் செங்கல்பட்டுத் தொகுதியில் ஜெயித்தவர் பெயர் சிட்டிபாபு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கூப்பிடுவது போன்ற பெயர். நெருக்கடி நிலையில் சென்னைச் சிறையில் மு.க. ஸ்டாலின் மேல் விழவிருந்த அடிகளைக் குறுக்கே புகுந்து வாங்கியவர் இவர்தான். 1977-இல் இறந்துபோனார். பெயரை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள் இங்கே கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

அந்த ஸ்டாலினுக்கும் முதலில் யோசித்த பெயர் அய்யாதுரை. பிள்ளை பிறந்தது 1953 மார்ச் 1. மார்ச் 5-இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறக்க, அப்பா கருணாநிதி மனசை மாற்றிக்கொண்டார். ரஷ்யாவில் நாலு நாள் முன்பின்னாக நடந்திருந்தால் நமக்கு அய்யாதுரை ஆட்சி கிடைத்திருக்கும். மேகாலயாவில் இதெல்லாம் சாதாரணம். அடால்ஃப் லூ ஹிட்லர் மராக் என்பவரும் பிராங்கன்ஸ்டைன் மோமின் என்பவரும் கைகூப்பி ஓட்டுக் கேட்டு எம்.எல்.ஏ. ஆனவர்கள்.

பெயர் விநோதமாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். இன்னொருவருக்கும் அதே பெயர் இருந்தால்தான் கண்டம். 2004-இல் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். பக்கத்தில் சும்மா நின்ற வி.எஸ். சுதீரன் வாங்கியது 8,282. சட்டீஸ்கரின் மகாசமுந்தில் 2014-இல் பா.ஜ.க.வின் சந்துலால் சாகுவோடு இன்னும் 10 சாகுக்கள் அதே பெயரிலோ அதை ஒத்த பெயரிலோ நின்றார்கள். ஆனாலும் அவர் அஜித் ஜோகியை 1,217 ஓட்டில் ஜெயித்துவிட்டார். ஒரே பெயரில் இருவர் நின்றால் தொழிலையோ வசிக்கும் ஊரையோ சேர்த்து வித்தியாசம் காட்டலாம் என்கிறது தேர்தல் விதி. போதாதென்று 2015-இலிருந்து போட்டோவும் ஒட்டுகிறார்கள்.

எல்லாம் இருந்தும் 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நிற்க, அதே பெயர், அதே 'ஓ'வோடு இன்னும் சிலர் மனுப் போட்டார்கள். மூன்று முறை முதல்வராக இருந்தவர், "நான்தான் அந்த ஓ.பி.எஸ்." என்று நிரூபிக்கத் தன் சின்னமான பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்படி ஆயிற்று. 3,42,882 ஓட்டோடு இரண்டாம் இடம். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த சில நாட்களில் பெயர்க் குழப்ப வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெற்றவர்கள் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் நீதிபதிகள்.