வீட்டைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துறவுக

வாலே பேராண்டி, உக்காரு. கையில இருக்க போனை அப்படி ஓரமா வை. அது என்ன, ஓடியா போயிரும்?

கேரவன் நம்ம ஊருக்கு வந்த கதை தெரியுமா? உனக்குத் தெரிஞ்ச கேரவன், சினிமாக்காரங்க உள்ள உக்காந்து பவுடர் போடுற வண்டி. எனக்கும் அதுதான் தெரியும். போன மாசியில நம்ம ரிட்டையர் ஆன பெரிய சாரும் டீச்சரம்மாவும் பழைய வேன் ஒண்ணை வாங்கி, உள்ள கட்டில், கேஸ் அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வச்சு, ஊர் மந்தையில கொண்டாந்து நிறுத்துனாக. அரை மணி நேரத்துல ஊரே கூடிருச்சு. எந்த நடிகர், எந்த நடிகைன்னு ஒரே தள்ளுமுள்ளு. கதவு தெறந்துச்சு. சாரம் கட்டுன கோலத்துல, வாயில பிரஷ்ஷோட சாரு எறங்குனாரு. பயலுக மூஞ்சியப் பாக்கணுமே! ஒருத்தன் மட்டும் பழக்கதோசத்துல "குட்மார்னிங் சார்"னான்.

ஏன் சார் இந்தப் பாடுன்னு கேட்டேன். "வீட்டுல இருக்க வசதி பூராவும் வண்டியிலயே இருக்குய்யா"ன்னாரு. சரிதான். வீடு கூடவே வந்தா, வெளியூருன்னு ஒண்ணு எதுக்கு? நத்தையுந்தான் வீட்டைச் சுமந்துக்கிட்டு அலையுது. அது என்னைக்காவது டூர் போறேன்னு தம்பட்டம் அடிச்சிருக்கா?

கக்கூஸைப் பெருமையாத் தெறந்து காட்டுனாரு. "நெறஞ்சா எங்க சார் கொட்டுவீக?"ன்னேன். சாரு டீச்சரம்மாவைப் பாத்தாரு. டீச்சரம்மா வானத்தைப் பாத்தாக.

சிரிக்காதலே. கேரளாவுல 2021-லயே இந்தக் கேரவன் சுற்றுலாவுக்கு அரசாங்கமே ஒரு திட்டம் போட்டுருச்சு. வாகமண் மலையில வண்டி நிக்கிறதுக்குன்னே ஒரு பூங்கா வச்சிருக்காகளாம். தண்ணி, கரண்டு எல்லாம் அங்கயே கெடைக்குமாம். வண்டி நிக்க பூங்கா! மாடு கட்டுற எடத்தை நாங்க தொழுன்னு சொல்லுவோம். பேரு மாறுனா வாடகையும் ஏறும், தெரிஞ்சுக்கோ.

எங்க அய்யா கூண்டுவண்டி கட்டிக் கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போவாரு. வண்டிக்குள்ள வைக்கோலைப் பரப்பி மேல ஜமுக்காளம். ஒரு பானை, ஒரு படி அரிசி, புளிச்சோத்து மூட்டை. அச்சுக்குக் கீழ லாந்தர் ஆடிக்கிட்டே வரும். மூணு கல்லு எங்க ஆப்புட்டுச்சோ அங்க அடுப்பு. அது கேரவன் இல்லாம வேற என்னலே? ஒண்ணே ஒண்ணு வித்தியாசம். மாட்டுக்கு எளைக்கும். அது நின்னா நாமளும் நிக்கணும். நின்ன எடத்துல ஒரு கெணறு இருக்கும், ஒரு கெழவி இருப்பா, அவகிட்ட ஒரு கதை இருக்கும். பாதி ஊரை எனக்குக் காட்டிக் குடுத்தது அந்த மாடுதான். டீசலுக்கு எளைப்பு ஏது? அதான் நீங்க எங்கயும் நிக்க மாட்டேங்கிறீக.

சாரோட மகன் அமெரிக்காவுல இருந்து ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருந்தான். சாரு அதை அச்சடிச்சுச் சட்டைப்பையில வச்சிருந்தாரு. 6 மணிக்குக் கழுகுமலை. 8 மணிக்குச் சங்கரன்கோவில். 10 மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். மத்தியானம் சாத்தூர். சாயந்தரம் எட்டயபுரத்துல பாரதி பொறந்த வீடு. ஏலே, இது ஊர் பாக்குற பட்டியலா, கொரியர்காரன் பட்டியலா? 35 வருசம் மணியடிச்சாப் பாடம், மணியடிச்சாச் சோறுன்னு இருந்த மனுசன். ஓய்வு வாங்குன பெறகும் மகன் கையில மணியக் குடுத்துட்டாரு பாரு.

கழுகுமலையிலயே பட்டியல் படுத்துருச்சு. பாறையில ஏறும்போது சாருக்கு மூட்டு புடிச்சுக்கிச்சு. டீச்சரம்மாவுக்கு முதுகு. ரெண்டு பேரும் வெட்டுவான் கோயிலுக்கு எதுக்க உக்காந்துட்டாக. ஒத்தைப் பாறைய மேல இருந்து கீழ வெட்டிக்கிட்டே வந்த கோயில் அது. பாண்டியர் காலம், 1,200 வருசம் இருக்கும். விமானத்துல ஒக்காந்திருக்க சாமிகளைப் பாத்தா மூச்சு விடுற மாதிரி இருக்கும். கீழ வர வர வேலை முடியாமக் கெடக்கு. ஏன் விட்டாகளோ, உளியக் கீழ வச்சவனுக்குத்தான் வெளிச்சம். ஆனா அந்த அரைகுறையப் பாக்கத்தான இம்புட்டு சனமும் மலையேறி வருது? அவன் கோயிலே முடியல. நம்ம பட்டியல் முடியலேன்னா குடியா முழுகிரும்?

வெயில் ஏறுற வரைக்கும் அங்கனயே இருந்திருக்காக. சங்கரன்கோவிலை விட்டுட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனா, மத்தியானம் நடை சாத்தியாச்சு. நாலு மணி வரைக்கும் என்ன செய்ய? கோபுரத்து நெழல்ல உக்காந்து, பதினோரு நெலையையும் ஒண்ணொண்ணா அண்ணாந்து பாத்திருக்காக. ஆண்டாளைப் பாக்க நாலஞ்சு தடவை போனவுக, அன்னைக்குத்தான் கோபுரத்தைப் பாத்தாகளாம். அந்தக் கேஸ் அடுப்பு? பத்தவே வைக்கல. பால்கோவாவும் கொண்டுபோன எலுமிச்சஞ்சோறும் போதும்னு ஆயிருச்சு.

மாடு போனா என்ன, மூட்டு இருக்கே! எங்க நிக்கணும்னு இப்ப அதுதான் சொல்லுது. இப்பல்லாம் அவுக போறது ஒரு நாளைக்கு ஒரே ஊருதான். ஓடுற மாடு மேயாதுலே.

போன வாரம் வந்தாக. அந்தப் பட்டியலை என்ன செஞ்சீகன்னு கேட்டேன். டீச்சரம்மா சிரிச்சாக. "சாத்தூர் ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு வாங்குனோம் பெரியவரே. உப்பும் மொளகாப்பொடியும் வைக்கக் காயிதம் இல்ல."

அதுக்காவது ஆச்சு. உன் பட்டியல் பூரா போனுக்குள்ளல்ல கெடக்கு. நீ எதுலலே உப்பு வச்சுத் திம்ப?