காவி கட்டிய கௌரவம்

ஒரே ஊர், ஒரே சேசு சபை, இரண்டே இரண்டு சாமியார்கள். 1606-இல் மதுரையில் ஒன்றாகச் சேர்ந்த இவர்கள் போட்ட சண்டை கோவா வழியாக ரோம் வரைக்கும் போனது. வெளியே சொன்ன காரணம் பூணூல், குடுமி. உள்ளே இருந்த காரணம், நம்ம வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்திக்கு நடக்கிற அதே காரணம்தான்!

மூத்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துகீசியர், மாஜி சிப்பாய். பள்ளிக்கூடம் வைத்தார், சின்னதாக ஆஸ்பத்திரி நடத்தினார், வியாபாரத்துக்கு வந்துபோகும் பரதவர்களுக்குப் பூசை வைத்தார். பதினோரு வருஷம் மாடாய் உழைத்தும் மதுரைக்காரர்களில் அவர் மனம் மாற்றியவர்கள் எத்தனை பேர்? முட்டை!

இளையவர் ராபர்ட் தெ நொபிலி. இத்தாலிக்காரர், வயசு இருபத்தொன்பது. கர்தினால் பெல்லார்மின் சொந்தக்காரர். மூன்றாம் ஜூலியஸ் என்ற போப்பும் உறவுமுறை. மனுஷர் வந்ததும் நிலைமையைப் புரிந்துகொண்டார். கறி, மீன், ஒயின், கறுப்பு அங்கி எல்லாம் அவுட். காவி வேட்டி, பாதக்குறடு, ஒரு வேளைச் சோறு, பிராமணச் சமையல்காரர் எல்லாம் இன். சிலுவை கோத்த பூணூல் வேறு. பெயர்கூடத் தத்துவ போதகர். உலகத்தில் துறக்க முடிந்த அத்தனையையும் துறந்தவர், ஒன்றே ஒன்றை மட்டும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்: குலப்பெருமை!

நம்ப மாட்டீர்களா? 1611-இல் வீட்டு வாசலில் ஓலையே ஒட்டினார். தான் பரங்கி இல்லை, ரோமாபுரியில் பிறந்தவன், தன் குலம் இங்கே ராஜகுலத்துக்குச் சமம் என்று! ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவினார் என்று பிரசங்கம் செய்ய வந்தவர் வீட்டுக் கதவில் இப்படி ஒரு லிங்க்ட்இன் புரொஃபைல்.

பாவம், அவரையும் சும்மா திட்டக் கூடாது. பரங்கி என்றால் அன்றைய மதுரையில் எந்தத் திண்ணையிலும் உட்காரவிட மாட்டார்கள். ஊரின் கர்வத்துக்குள் நுழைய, அதைவிடப் பெரிய கர்வத்தைச் சாவியாக்கினார். சாவி திறக்கத்தான் செய்தது. ஆனால் முதலில் திறந்தது யார் மனசு என்கிறீர்கள்? பெர்னாண்டஸ் பள்ளிக்கூடத்து வாத்தியார் மனசு! இருபது நாள் விவாதம் செய்துவிட்டு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்.

பெர்னாண்டஸுக்கு எப்படி இருந்திருக்கும்! 1610-இல் மேலிடத்துக்குப் புகார் பறந்தது. 'நான் ஏழைகளோடு இருக்கிறேன், அந்த ஆள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட வருவதில்லை' என்பதுதான் அந்தப் பூணூல், குடுமிக்கு உள்ளே இருந்த குமுறலாக இருந்திருக்க வேண்டும். நியாயமான குமுறல்தான். ஆனால் 'பார்த்தீர்களா, எனக்கு எவ்வளவு தாழ்மை' என்று ஒருவர் ஆதாரத்தோடு நிரூபிக்க ஆரம்பித்தால், தாழ்மை பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறதே!

விஷயம் வதந்தியாக ரோமுக்குப் போனது. சொந்தக்காரப் பையன் இந்துவாகவே மாறிவிட்டானாம் என்று நம்பி, கர்தினால் பெல்லார்மின் வருத்தத்தோடு கடிதம் எழுதினார். பையனின் விளக்கத்தைப் படித்ததும் அவரே கட்சி மாறினார். 1619-இல் கோவாவில் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் 1623 ஜனவரி 31-இல் போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொன்னார்: பூணூலும் குடுமியும் இருக்கலாம்.

ஜெயித்த நொபிலி அந்த வருஷமே வடக்கே நடந்து சேலம் பக்கம் வந்தார். இன்னும் கொஞ்சம் நடந்து எங்கள் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தைக்கு வந்திருந்தால் நல்ல பாடம் கிடைத்திருக்கும். இங்கே பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை. வம்சாவளி ஓலையெல்லாம் செல்லாது!

வயசு ஏற ஏற மனுஷர் உண்மையிலேயே இளகினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்டவர்கள் வாசலுக்கும் போக, 1640-இல் பண்டாரசாமிகள் என்று தனிச் சாமியார்கள் கிளம்பினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தாழ்மைக்கும் தனி டிபார்ட்மென்ட்! பார்வை மங்கி, மயிலாப்பூரில் 1656-இல் நொபிலி கண்ணை மூடினார்.

அந்த 1623 போப் உத்தரவில் இன்னொரு விஷயமும் இருந்தது. மேல்குலத்தார் எளியவர்களை இகழக் கூடாது, முக்கியமாகக் கோயிலுக்குள். பூணூல் பற்றிய வாக்கியம் உடனே அமலுக்கு வந்தது. இந்த வாக்கியம்? நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில், கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இடிந்தது 1910-இல். உத்தரவு நடந்து வந்திருந்தால்கூட இத்தனை வருஷம் ஆகியிருக்காது. நடுவில் யாரோ அதற்கும் முதல் பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள் போல!