ரெசின் டாங்கிகளில் பாடபேதம்: ஒரு பதிப்பியல் நோக்கு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த டாங்கிகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றையே 35இல் ஒரு பங்காகச் சுருக்கி, ரெசினில் வார்த்து, துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கும் மாதிரிகளுக்கு மட்டும் முறையான பதிப்பியல் நோக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஏட்டுச்சுவடிக்குப் புலவர்கள் வகுத்த முறை இந்தப் பெட்டிக்கு அப்படியே பொருந்தும். பொருந்தாத இடங்களில், மரபுப்படி, பெட்டியைத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் மூலபாடம். பிளாஸ்டிக் மாதிரிக்கு உலோக அச்சு வெட்ட ஏகப்பட்ட பணம் வேண்டும். ஆகவே பெரிய நிறுவனங்கள் டைகர், ஷெர்மன் என்று விலைபோகும் வண்டிகளையே தேடிப் போயின. பிரிட்டனின் விசித்திர வண்டிகள் ஸ்காட்லாந்தின் ஆக்குரேட் ஆர்மர், பெல்ஜியத்தின் ரெசிகாஸ்ட் போன்ற சிறு பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே கையால் செய்த மூலத்தின் மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் பாலியூரித்தேன் ரெசினை வார்க்கிறார்கள். சில டஜன் வார்ப்புகளில் அச்சு கிழியத் தொடங்கும், ஓரங்கள் மழுங்கும். இது ஏடெழுதுவோர் பிழை. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ், செல்லரித்த இடம். ஒவ்வொரு உறுப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வரும், ரம்பத்தால் அறுத்தெடுக்க வேண்டிய வார்ப்புக் கட்டி, சந்தேகமின்றி இடைச்செருகல். இடைச்செருகல் என்று நம்பி மூலத்தையே அறுத்தெறிந்தவர்கள் இரு துறைகளிலும் உண்டு.

பசை: சயனோஅக்ரிலேட். கருத்து வேறுபாடு இல்லாததால் ஆய்வுக்கு உகந்ததன்று.

அளவு பற்றிச் சற்று. 35இல் ஒரு பங்கு என்ற இந்த விகிதம் எந்தக் கணித மேதையும் கண்டதல்ல. ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி ஒன்றைச் செய்தபோது உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிய அளவே அளவுகோலாயிற்று. போதாக்குறைக்கு ரெசின் இறுகும்போது சிறிது சுருங்கும். 7.4 மீட்டர் நீளச் சர்ச்சில் டாங்கி இந்த விகிதத்தில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் வரும். ஒரு சதவீதம் சுருங்கினால் 2 மில்லிமீட்டர் காணாமல் போகும். அந்த 2 மில்லிமீட்டரில் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று தாராளமாக அடங்கும்.

ரெசின் அன்பர்கள் எதை விரும்புகிறார்கள் என்பது தனிக் கேள்வி. கவனன்ட்டர் டாங்கியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் பின்னால், அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டரோ முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில். 1,700க்கும் மேல் செய்தார்கள். பீரங்கி வண்டியாக ஒன்றுகூடப் போரிடவில்லை. டாக் 2 இன்னும் மேல்: 80 டன் எடை, செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் இப்போது பொவிங்டன் அருங்காட்சியகத்தில். போர்க்களத்தில் பயன்படாதது ஆய்வுக்களத்தில் வெகுவாகப் பயன்படும் என்பது பிற துறைகளிலும் கண்டதே.

இனி நிறம். இங்குதான் ரத்தம் சிந்தப்படுகிறது. 1940-41இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மட்டில்டா முதலிய டாங்கிகளுக்கு மூன்று நிறங்களில், சாய்ந்த நேர்கோட்டுப் பட்டைகளாகச் சாயம் பூசினார்கள். பிரிகேடியர் கான்ட்டர் பெயரால் வழங்கும் முறை இது. வெளிர்மஞ்சளான போர்ட்லண்ட் ஸ்டோனிலும் அடர்ந்த ஸ்லேட்டிலும் பெரிய வழக்கில்லை. தகராறு மிச்சமுள்ள ஒன்றில். அருங்காட்சியக மட்டில்டாவுக்கு வெளிர்நீலம் பூசினார்கள். பெட்டிப் படங்கள் அதைப் பார்த்து எழுதின. ஒரு தலைமுறையே பாலைவன டாங்கிக்கு வானநீலம் அடித்தது. பின்னர் போர்க்கால ஆணைகளைப் புரட்டியவர்கள், அது பிரிட்டிஷ் தர அட்டையின் 28ஆம் எண், பச்சை கலந்த வெள்ளிச் சாம்பல் என்றார்கள். சாட்சியாக நிற்கும் போர்க்காலப் புகைப்படங்களோ பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை.

நீலக் கட்சியினர், சாம்பலும் வெயிலில் வெளுத்தால் நீலமாகும் என்பர் (காண்க: பெட்டி மூடி, உட்புறம், பசைக்கறைக்கு மேல்). சாம்பல் கட்சியினர் அது கண்ணின் பிழை என்பர் (காண்க: அதே மூடி, அதே கறை, டியூப்லைட் வெளிச்சத்தில்). சமரசக் கட்சியோ எந்த நிறத்தைப் பூசினாலும் மேலே போதிய புழுதியை அப்பிவிட்டால் மூவரும் ஒன்றே என்னும் (காண்க: இடப்புறச் சக்கரம், இரண்டாம் குமிழ், அக்குமிழில் உறைந்த சாயம், ஒப்பிடுக: அதே குமிழ், மழைநாளில், மறுப்புக்குக் காண்க: குமிழை அடைத்த புட்டி). ஒருவர் வாதத்தை மற்றவர் படிப்பதில்லை, மேற்கோள் மட்டும் காட்டுவார்கள். இந்த ஒன்றில் பொம்மை உலகம் பல்கலைக்கழகத் தரத்தை எட்டிவிட்டது.

ரிவெட் எண்ணுதல்: கிராம்வெல் டாங்கியின் கோபுரத்தில் பெரிய போல்ட் தலைகள் உண்டு. எண்ணிக்கொள்க.

வாசகருக்கு ஒரு சொல். ரெசினை உலர்ந்தபடி தேய்க்க வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்கவும். இதில் மூன்று கட்சியும் உடன்படும்.