படிவம் 25-இல் மரைக்கு இடமில்லை

அனுப்புநர்:
பழைய மாருதி 800 ஒன்றின் உரிமையாளர்,
சாரம், புதுச்சேரி – 605 013.

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
டிரான்ஸ்போர்ட் பவன், புதுடெல்லி.

பொருள்: இன்ஜின் பிளாக்கின் போல்ட் ஓட்டைகளில் சேர்ந்த குப்பை – அகற்றுதல் – கொள்கை முடிவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1) 13.8.2021 அன்று தொடங்கிவைக்கப்பட்ட வாகனக் கழிவுக் கொள்கை. 2) என் மெக்கானிக்கின் வாய்மொழி உத்தரவு.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பதினைந்து வயது முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த தாங்கள், 1.4.2022 முதல் அதை 5,000 ஆக்கினீர்கள். 2025 ஆகஸ்டில், இருபது தாண்டியவற்றுக்கு 10,000 என்றீர்கள். வயதானவர்களுக்கு ரயிலில் இருந்த சலுகையையே 2020-இல் எடுத்துவிட்ட நாட்டில், வயதான காருக்கு மட்டும் இரக்கம் கேட்க எனக்கு வாய் வராது. என் விண்ணப்பம் வேறு.

என் வண்டி சாரத்துப் பட்டறை ஒன்றில் சிலிண்டர் ஹெட் கழற்றிய நிலையில் நிற்கிறது. கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, டிப்ஸ்டிக்கில் மோர் நிறத்தில் ஏதோ வந்தது. புது கேஸ்கெட் வாங்கிக் கொடுத்தாயிற்று, மாட்டவேண்டியதுதானே என்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேற்படி பார்வை 2 அதுதான்.

பட்டறைப் பையன் ஸ்குரூடிரைவர் நுனியில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் ஒவ்வோர் ஓட்டையாக விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தான். வந்ததெல்லாம் கறுப்புச் சேறு. பழைய ஆயில், கூலன்ட், துரு, கேஸ்கெட் துணுக்கு எல்லாம் அதில் அடக்கம். அப்புறம் பாட்டில் பிரஷ், அப்புறம் கம்ப்ரசர் காற்று. காற்று அடிக்கும்போது ஓட்டையின் மேல் துணியைப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வெள்ளைச் சட்டையில் வந்து குனியவேண்டாம் என்று இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

காற்றுக்குப் பிறகுதான் கருவி வந்தது. பழைய ஹெட் போல்ட் ஒன்றில் மேலிருந்து கீழாக மூன்று காடிகளை கிரைண்டரில் வெட்டி வைத்திருக்கிறார் அண்ணன். டெண்டர் விடாமல், விலை ஏதும் கொடுக்காமல் செய்துகொண்ட கருவி. அதை ஓட்டையில் விட்டு விரலால் முறுக்கி இறக்கினால், மரையில் ஒட்டியிருக்கும் துருவெல்லாம் காடியில் சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. பையன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்குகிறான்.

“டேப் விட்டா சட்டுன்னு முடியுமே அண்ணே” என்றேன்.

“டேப்பு வெட்டும் சார். நமக்குத் தொடைக்கத்தான் வேணும். வெட்டுன மரை திரும்ப வளராது.” பையன் பக்கம் திரும்பி, “கையால எறங்கணும். எறங்கலைன்னா உள்ள இன்னும் குப்பை இருக்கு. ஸ்பேனரைத் தொடாத” என்றார்.

தங்கள் கொள்கை, துடைக்காமல் மரையை வெட்டும் டேப் வகையைச் சேர்ந்தது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

இவ்வளவு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். ஹெட் போல்ட்டை முறுக்கும்போது நாம் போடும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஹெட்டை அமுக்கிப் பிடிக்கப் போகிறதாம். பாக்கியை போல்ட் தலைக்கடியிலும் மரையிலும் உராய்வு தின்றுவிடுகிறது. டெல்லியில் கிளம்பும் ஒரு ரூபாயில் பதினைந்து காசுதான் மக்களிடம் போய்ச் சேர்கிறது என்று 1985-இல் ராஜீவ் காந்தி சொன்னார். எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் சிலையாக நிற்கும் அவர் பட்டறைப் பக்கம் வந்திருந்தால் அரசாங்கம் பரவாயில்லை என்று ஆறுதல் அடைந்திருப்பார். மரையில் துரு இருந்தால் அந்தப் பத்துக் காசும் குறையும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் மட்டும் நேரத்துக்கு ‘டிக்’ என்று சொல்லும். அது சொல்வது பொய். கோப்பு முடிந்தது, வேலை நடக்கவில்லை என்ற நிலைதான், தங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஓட்டையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இன்னும் மோசம். திரவம் அமுங்காது. மேலிருந்து போல்ட்டை விடாமல் முறுக்கினால் அடியில் சிக்கிய சொட்டுக்குப் போக வழி கிடையாது. பிளாக்கே விரிசல் விடும். புது கேஸ்கெட், புது போல்ட், புது டார்க் ரெஞ்ச் எல்லாம் இருந்தும் ஒரு ஸ்பூன் அழுக்கால் இன்ஜின் எடைக்குப் போகும்.

பதிவைப் புதுப்பிக்கத் தாங்கள் கேட்கும் படிவம் 25-ஐத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதிவு எண் இருக்கிறது. மரைக்கு ஒரு கட்டம் இல்லை. ஓட்டையெல்லாம் துடைத்துப் பூட்டிய வண்டிக்கும் சேற்றோடு பூட்டிய வண்டிக்கும் ஒரே 5,000. காகிதத்தை நம்புவதில் தங்களுக்கு இவ்வளவு உறுதி இருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். புதுச்சேரி முகவரியில் பதிவாகி, புதுச்சேரிக் கடலையே பாராத கேரளத்துச் சொகுசுக் கார்கள்மீது 2017-இல் வழக்கே நடந்தது. அவற்றுக்கும் காகிதம் இருந்தது.

புகை கக்கும் வண்டியைப் பிடியுங்கள். நானே நம்பர் எழுதித் தருகிறேன். பிரேக் பிடிக்காததை உடையுங்கள். ஆனால் மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. ஆக 2029 முடிவதற்குள் நாட்டில் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றும் பதினைந்தைத் தாண்டிவிடும். அதில் எது பிழைக்கும் என்பதைக் காலண்டர் சொல்லாது. விரலால் போல்ட்டை இறக்கிப் பார்க்கும் பையனுக்குத் தெரியும். பழையதை உடைத்தால் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் கைக்கு வரும், புதியதற்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி என்கிறீர்கள். மகிழ்ச்சி. பழையதைத் துடைத்து வைத்துக்கொள்பவனுக்கு என்ன தருகிறீர்கள்? ரசீதுதான்.

“மரைத் தகுதிச் சான்றிதழ்” ஒன்று கொண்டுவரும்படி கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்து அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். கொண்டுவந்தால் அதற்கு ஆன்லைனில் டோக்கன் வாங்க வேண்டும், ஓட்டைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும், வாசலில் முகவர் நிற்பார். பையன் செய்வது பையனோடே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வயதுக்குக் கட்டணம் வாங்குவதை விட்டுவிட்டு, சோதனையில் தேறாத வண்டிக்கு மட்டும் வாங்குங்கள். தேறியதைப் பழைய 600 ரூபாய்க்கே ஓட விடுங்கள்.

இப்படிக்கு,
ஹெட் பூட்டும்வரை நடந்தே போய்வரும்
சாரம் வாசி