56 கே குடித்தனம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் விதேஷ் சஞ்சார் நிகம் தொடங்கிவைத்தது. சுதந்திர தினத்தில் பிறந்ததாலோ என்னவோ, அது யாருக்கும் கட்டுப்படாமலே வளர்ந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நூற்றாண்டே மாறியிருந்தது. குணம்தான் மாறவில்லை.

மோடத்தின் நெற்றியில் 56 கே என்று போட்டிருக்கும். விநாடிக்கு 56 ஆயிரம் பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், எல்லாம் கூடிவந்தாலும் விநாடிக்கு ஏழு கிலோபைட்தான். எங்கள் வீட்டில் எல்லாம் கூடிவந்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்றோ நான்கோ வந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஒரு எம்பி படம் இறங்க ஐந்து நிமிடம். இந்த 56-ம் நமக்கு வருவதற்கு மட்டும். நாம் அனுப்புவதற்கு 33.6. வரவு 56, செலவு 33.6 என்று என் வாழ்க்கையில் கணக்கு நின்றது அந்த ஒரு இடத்தில்தான்.

இணைப்பு கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் காட்டும். எண்ணைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்றது கையேடு. கையேடு எழுதியவர் கூட்டுக்குடும்பத்தில் இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

680 என்றால் டயல் டோன் இல்லை, ஒயரைச் சரிபார்க்கவும். நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து ஒயரைச் சரிபார்ப்பேன். அதே நேரம் கூடத்துப் பேரலல் போனில் அம்மா, பண்ருட்டிச் சித்தியிடம் இந்த வருஷத்துப் பலாப்பழ விலையை விசாரித்துக்கொண்டிருப்பாள். நான் முந்திக்கொண்டு இணைப்பைப் பிடித்துவிட்டால், அம்மா ரிசீவரை எடுத்து ஒரு கணம் கேட்டுவிட்டு, “யாரோ கொரகொரன்னு கத்துறான்டா, ராங் நம்பர்” என்று வைப்பாள். அவள் எடுத்த மாத்திரத்தில் என் இணைப்பு போயிருக்கும். 676 என்றால் எதிர்முனை பிஸி. ராத்திரி கட்டணம் குறைவு என்று நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்ற நினைப்பை அது தினமும் கலைத்தது. 691 என்றால் பாஸ்வேர்டு தப்பு. பாஸ்வேர்டைத் தினசரி காலண்டர் தாளில் குறித்துவைத்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல அம்மா தாளைக் கிழித்துவிட்டாள். அதில் என் மனைவி பெருங்காயம் மடித்துவைத்திருந்தாள்.

இதற்கெல்லாம் மேலிடம் சிதம்பரத்தில் இருந்தது. சகலை குடியிருந்தது அண்ணாமலை நகரில். பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தில் இருப்பவருக்குத் தெரியாதது இருக்காது என்று என் மாமனார் வீட்டில் முடிவாகியிருந்தது. ஆலோசனை கேட்பதற்கும் அதே ஒயர்தான். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, போனை வைத்து, செய்துபார்த்து, தோற்று, மறுபடி 04144 போட வேண்டும்.

ஒருநாள் கூடத்துப் போனில் டோன் கணீரென்று கேட்க, மோடம் மட்டும் 680 என்று அடம்பிடித்தது. “சகலை, உங்க மோடம் அமெரிக்கா டோனுக்குக் காத்துக்கிட்டு நிக்குது” என்றார். விஷயம் உண்மைதான். அவர்கள் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸால் அதிரவிடுவது. மோடத்தின் அமைப்பில் எக்ஸ்3 என்று ஒரு கட்டளை சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் நம்பரைப் போட்டுவிடும். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கும் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிற மாதிரி. சேர்த்தேன். உடனே வேலை செய்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அவராலும் முடியாத கோளாறு ஒன்று உண்டு: உப்புக்காற்று. ஐப்பசி மழை பிடித்ததும் இணைப்பு கிடைக்கும், இரண்டு நிமிடத்தில் அறுந்துவிடும். 198-ல் புகார் பதிந்தேன். வந்த லைன்மேன் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. வாசல் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, இணைப்பைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். முறுக்கிய ஒயர் பச்சைக் களிம்பேறி, பாதி பொடியாகக் கையோடு வந்தது. “கடல்காத்து சார். காப்பரத் தின்னுடுச்சி. நீங்க பேசறதுக்கு இது போதும், உங்க பொட்டிக்குப் பத்தாது” என்றார். நம் காது இரைச்சலைத் தள்ளிவிட்டுப் பேச்சை எடுத்துக்கொள்ளும். மோடம் இரைச்சல் கூடக்கூட வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் போனை வைத்துவிடும். அவர் பிளேடால் நுனியைச் சுரண்டி, புதிதாக முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினார். அன்று மாலை இணையம் ஓடியது. லைனில் நானே பார்த்துக் கண்டுபிடித்ததாக சிதம்பரத்துக்குச் சொன்னேன்.

என் கௌரவம் கப்பலேறியது பிளஸ் டூ ரிசல்ட் அன்று. தெருவில் மோடம் உள்ள வீடு எங்களுடையதுதான் என்பதால், பக்கத்து வீட்டுப் பையனின் பதிவெண்ணோடு கூட்டமே வந்துவிட்டது. மனைவி எல்லோருக்கும் காபி போட்டாள். அம்மா போனுக்குக் காவல் இருந்தாள். அரசு முத்திரை மேலிருந்து கோடு கோடாக இறங்கி, கோபுரத்தின் இரண்டாம் நிலையோடு நின்றது. அதற்குள் அந்தப் பையன் கெடிலம் பாலம் தாண்டி, லாரன்ஸ் ரோடு பிரவுசிங் சென்டருக்குச் சைக்கிளில் போய், மார்க்கை எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் சாக்லேட்டும் வாங்கிவந்துவிட்டான். எனக்கும் ஒன்று கொடுத்தான்.

2005-க்குப் பிறகு பிராட்பேண்ட் வந்தது. அதே செம்பு ஒயரில் பேச்சு கீழ் அலைவரிசையிலும் இணையம் மேல் அலைவரிசையிலும் போக, ஸ்பிளிட்டர் என்ற சின்ன டப்பா இரண்டையும் பிரித்துக்கொடுத்தது. அம்மா பலாப்பழம் பேசப்பேச என் மகள் படம் இறக்கினாள். சண்டை போட ஒரு காரணம் குறைந்தது. ‘அப்பா நெட்ல இருக்கார், சத்தம் போடாதீங்க’ என்கிற மரியாதையும் அதோடு போயிற்று.

அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ல்தான் நிறுத்தியது. அதுவரை அங்கேயும் என்னைப்போல் சிலர் இருந்திருக்கிறார்கள் என்ற தெம்பில், பரணிலிருந்து மோடத்தை இறக்கித் துடைத்தேன். மனைவி அதை அப்படியே வாங்கிப் பழைய பேப்பர்காரரிடம் நீட்டினாள்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “பொட்டி வெறும் பிளாஸ்டிக் சார், வேணாம். அடாப்டரக் குடுங்க, உள்ள காப்பர் இருக்கு” என்றார்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாமே என்று சகலைக்குப் போன் போட்டேன். அவர் தம்முடைய அடாப்டரைப் போன மாதமே பிரித்து, காப்பரைத் தனியாக எடைக்குப் போட்டுவிட்டாராம்.